மருட்கையும் பெருமிதமும்
பியானோக் கலைஞர் வாழ்வும் அரங்கேற்று காதை காட்டும் நெறியும்

தோற்றுவாய்

தமிழில் இசைக்கலைஞர் வாழ்வு எழுதப்பட்ட முறையை ஆராய்வார்க்கு ஒரு குறை எளிதில் விளங்கும். பாடியவர், பாட்டு இயற்றியவர் ஆகியோர் வாழ்வு ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. கருவி இசைத்தவர் வாழ்வோ பெரும்பாலும் துணுக்குகளாகவே நின்றுவிட்டது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறு எழுதிய கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகிய மூவரும் பாட்டோடு பிணைந்தவர்கள். பாட்டில் சொல் உண்டு. சொல்லைப் பற்றிக்கொண்டு எழுதுவோன் நெடுந்தூரம் செல்லலாம். கருவியிசையில் அத்தகைய பற்றுக்கோடு இல்லை. ஆதலின் எழுதுவோன் இசையை விட்டு இசைத்தவரின் புகழையும் பரிசையும் வயதையும் பற்றிக்கொள்கின்றான்.

இக்குறையை யாம் உணர்ந்தது நூலகத்தில் அன்று, வகுப்பறையில். திருவள்ளூர் வட்டாரத்து முதுகலை மாணவரிடம், பியானோக் கலைஞர் லிடியன் நாதஸ்வரம் பற்றித் திறனாய்வு நோக்கில் இரண்டு பக்கம் எழுதுமாறு ஒருமுறை கூறினோம். ஏறத்தாழ எல்லாருடைய தாள்களும் ஒரே வகையாகத் தொடங்கின: இத்தனை வயதில் இத்தனை கோடி பரிசு பெற்றார் என்பதே முதல் வாக்கியம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் தம் தாளின் இறுதியில் தம் வீட்டுச் செய்தி ஒன்றை எழுதியிருந்தார். உருக்காலையில் பணிபுரியும் அவர் தந்தையார், மின்விசைப்பலகை பயிலும் இளைய மகனை நோக்கி, "உனக்கு எப்போது பரிசு வரும்?" என்று நாள்தோறும் வினவுகின்றாராம். அவ்வினாவிற்கு விடை கூற இயலாமல் சிறுவன் பயிற்சியை வெறுக்கத் தொடங்கிவிட்டான் என்று அம்மாணவி எழுதியிருந்தார்.

அத்தந்தையாரைக் குறை கூறுதல் தகாது. கலைஞர் ஒருவரைப் பற்றி நாடு எவ்வாறு பேசுகின்றதோ அவ்வாறே அவரும் பேசினார். கலைஞர் வாழ்வைப் பேசும் மொழியை நாட்டிற்கு அளிக்க வேண்டியவர் திறனாய்வாளர். அம்மொழி தமிழில் இல்லையா? உண்டு என்பதும், அது நம் பாடநூல்களிலேயே உறங்குகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அம்மொழியை நமக்குத் தரும்.

இளங்கோவடிகள் காட்டும் முறை

மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் ஆட வருகின்றாள். இளம் வயதினள், பேரழகினள், பெருந்திறலினள். வியப்பை எழுப்ப விரும்பும் ஆசிரியன் உடனே திரையை விலக்கி ஆடலைக் காட்டியிருப்பான். இளங்கோவடிகள் அவ்வாறு செய்யவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று அறுவர் இலக்கணத்தை முறையே கூறுகின்றார். ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பது விரிவாக வருகின்றது. அதன்பின் அரங்கு வருகின்றது. கோலளவில் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கு, அதற்கு இரு வாயில், மூவகை எழினி. இவையெல்லாம் கூறிய பின்னரே மாதவி வலக்கால் வைத்து அரங்கேறுகின்றாள்.

இதனைக் காப்பியத்தின் கதையோட்டத்திற்குத் தடை என்று கூறுவார் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கலை என்பது ஒருவரிடம் திடீரெனத் தோன்றும் அற்புதம் அன்று; ஆசிரியர் பலர், கருவி பல, அளந்து கட்டிய அரங்கு, கேட்டறியும் அவை ஆகியவற்றின் கூட்டுப்பயன் அது என்பதே அடிகள் கருத்து. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் திறத்தை அவர் குறைக்கவில்லை; அதன் வேரைக் காட்டுகின்றார்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மன்னன் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளிக்கின்றான். அதே காதையில், சில அடிகளுக்குள், அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு வேறொரு பொருளைப் பெறுகின்றது. மாதவியின் மாலையை அவ்விலைக்குக் கூனி ஒருத்தி நகரத் தெருவில் விற்கின்றாள். வாங்குவோன் அவளுக்குரியவன் ஆகின்றான். அவையில் பரிசாக இருந்த எண் தெருவில் விலையாக மாறுகின்றது. கலைஞருக்குப் பரிசு வந்த கணமே விலையும் வருகின்றது என்பதனை அடிகள் ஒரு சொல்லும் மிகையின்றி உணர்த்திவிட்டார். கும்மிடிப்பூண்டிச் சிறுவனின் இடர்ப்பாடும் இதுவே. அவன் பயிலும் கலை அவனுக்குக் கைவருமுன்னரே அதன் விலை அவன் காதில் விழுந்துவிட்டது.

மணலியும் மேனாட்டிசையும்

இனி, பியானோக் கலைஞரை அளக்கும் முன், அக்கருவிக்கும் நமக்கும் உள்ள தொடர்பைக் காணல் வேண்டும். பியானோவை ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியிலுள்ள பிளாரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பார் உருவாக்கினார். நரம்பைக் கொக்கியால் தெறித்த பழைய விசைக்கருவியில் ஒலியை விரல் அழுத்தத்தால் மெலிதாகவோ வலிதாகவோ ஆக்குதல் அரிது. கிறிஸ்தோபோரி சிறு சுத்தியல் நரம்பைத் தட்டுமாறு அமைத்து அதனை எளிதாக்கினார். இக்காலப் பெருங்கருவியில் வெண்கட்டை 52, கருங்கட்டை 36, ஆக 88 கட்டைகள் உண்டு.

மேனாட்டிசை தென்னாட்டு இசையோடு கலந்த வரலாற்றில் திருவள்ளூர்ப் பகுதிக்குச் சிறப்பான இடம் உண்டு. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலி, 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வூர்ச் செல்வர் முத்துகிருஷ்ண முதலியார் இராமசாமி தீட்சிதரை ஆதரித்தார். அவர் மகனார் சின்னையா முதலியார் காலத்தில் தீட்சிதரின் மக்கள் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் இசையைக் கேட்டனர். அக்கேள்வியின் பயன் இரண்டு. முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிப் பாட்டு அமைத்தார். அவற்றை நோட்டுசுர சாகித்தியங்கள் என்பர். அவர் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்கு ஏற்றதாக்கினார். பின்னர் 1892இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் கீழைநாட்டு இசையை மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதி வெளியிடத் தொடங்கினார்.

வயலின் இவ்வாறு நம் அவைக்குள் புகுந்தது, பியானோ புகவில்லை. காரணம் வெளிப்படை. வயலின் நரம்பில் விரல் வழுக்கிச் செல்லும், கமகம் பிறக்கும். பியானோவில் கட்டையை அழுத்திய பின் சுரத்தை அசைத்தல் இயலாது. ஒரு நிலையைப் பன்னிரண்டு சமக் கூறாக்கி நிறுத்திய அச்சுரங்கள் நம் சுருதி நுட்பங்களுக்கு இடந்தரா. இதே காரணம் பற்றியே விசைக்கட்டையுடைய ஆர்மோனியத்தை 1940இல் அனைத்திந்திய வானொலி விலக்கிவைத்தது; பல்லாண்டுகள் கழித்தே அத்தடை தளர்ந்தது. ஆகவே தமிழ்நாட்டில் பியானோ பயில்வோர் இரண்டு அவைக்கும் நடுவே நிற்கின்றனர். மேனாட்டார்க்கு அவர் புதியர். நம்மவர்க்கு அவர் கருவி புதிது.

யாழும் பியானோவும்

ஆயினும் பியானோ நம் இசைக்கு முற்றும் அயலானது என்னும் முடிபு ஆராய்ச்சிக்குரியது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பண்டை யாழை ஆராய்ந்து விளக்கினார். பண்டை யாழ் மெட்டுகள் பொருந்திய இன்றைய வீணை போன்றதன்று. வில்வடிவில் நரம்புகள் வரிசையாகக் கட்டப்பெற்றது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அதன் அடிப்படை அமைப்பு. இவ்வகையில் பியானோவின் உள்ளே வரிசையாக நிற்கும் நரம்புகள் வீணையைவிட யாழுக்கே நெருங்கியவை. மேலும் நம் முன்னோர் ஒரே நரம்பு வரிசையில் குரலை இடம் மாற்றி ஏழு பாலைகளைப் பிறப்பித்தனர். செம்பாலையை இன்றைய அரிகாம்போதியாகக் கொள்ளும் அறிஞர் கொள்கைப்படி, பியானோவின் வெண்கட்டைகளில் தொடங்கும் இடத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு சென்றால் ஏழு பாலைகளும் முறையே கிடைக்கும். இக்கொள்கையில் கருத்து வேறுபாடு உண்டு எனினும் முறை ஒன்றே.

அவ்வரிசையில் ஏழாவதாகிய மேற்செம்பாலை இன்றைய கல்யாணி. மேனாட்டார் அதனை லிடியன் என்பர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட கலைஞரின் பெயரே மேற்செம்பாலையையும் மங்கல இசைக்கருவியையும் இணைத்து நிற்கின்றது. பெயரிட்ட தந்தையார் இசையமைப்பாளர் ஆதலின் இப்பொருத்தம் தற்செயலானதன்று எனலாம்.

யாழ் பியானோவுக்கு இனமான கருவி என்று கொண்டால் ஒரு பயன் விளையும். கானல்வரியில் யாழிசைப்போன் கைத்தொழில் எட்டு வகைப்படக் கூறப்பட்டுள்ளது. பண்ணை அமைத்துக்கொள்ளுதல், நரம்பைத் துடைத்து அறிதல், ஏறுநிரல் இறங்குநிரலால் இசையை ஆராய்தல், சுருதி ஏற்றித் தடவுதல் ஆகியன முற்பகுதியில் நிற்கின்றன. இசை விரிந்து செல்லுதலும் விளையாடுதலும் பின்னரே வருகின்றன. துள்ளல் நடையை உட்கொண்ட குறும்போக்கு எட்டாவதாக, இறுதியில் நிற்கின்றது. கருவியை அறிதல், பண்ணை அறிதல், பின் விரிவு, பின் விளையாட்டு, கடைசியில் துள்ளிய நடை என்னும் இவ்வரிசை ஓர் அளவுகோல். கருவி இசைப்போரை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோலைத் தேடிப் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை.

மருட்கை நான்கும் ஒருங்கு கூடியமை

லிடியன் நாதஸ்வரம் 2005இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் வர்ஷன் சதீஷ். தமக்கையார் அமிர்தவர்ஷினியும் இசைவாணர். குழந்தைப் பருவத்தில் முழவுக் கருவிகளையும் பின்னர் பியானோவையும் பயின்றார். ஏ. ஆர். ரகுமான் 2008இல் நிறுவிய கே. எம். இசைக்கல்லூரியில் கற்றார், சென்னை இசைச்சங்கக் குழுவை நடத்திவந்த அகஸ்டின் பால் அவருக்கு ஆசிரியர். 2019 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சி நடத்திய உலகளாவிய போட்டியில் வென்று 10 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அப்பொழுது அவர்க்கு வயது 13.

அப்போட்டியில் அவர் இசைத்தவற்றுள் பெரிதும் பேசப்பட்டது ருஷியப் புலவர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டின் பறப்பு என்னும் பகுதி. முதலில் நிமிடத்திற்கு 208 தட்டு என்னும் வேகத்திலும், பின்னர் 325 தட்டு என்னும் வேகத்திலும் அதனை இசைத்தார். அவையினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

அவ்வாரவாரம் எம் மெய்ப்பாடு? மருட்கை என்பதில் ஐயமில்லை. புதுமையும் பெருமையும் சிறுமையும் ஆக்கமும் மருட்கைக்கு நிலைக்களன் என்பர் தொல்காப்பியர். நான்கும் ஒரே காட்சியில் ஒருங்கு கூடுதல் அரிது. இங்கு அவை கூடின. மேனாட்டுப் பெருங்கருவியின் முன் தமிழ்ச் சிறுவன் அமர்ந்தமை புதுமை. வேகத்தின் அளவும் பரிசின் அளவும் பெருமை. அவன் வயதும் உருவும் சிறுமை. ஆக்கம் என்பதற்கு ஒன்று திரிந்து மற்றொன்றாதல் எனப் பொருள் காண்பர். வண்டின் பறப்பு, 1900இல் மாஸ்கோவில் முதலில் அரங்கேறிய சால்தான் மன்னன் கதை என்னும் இசைநாடகத்தின் பகுதி. இளவரசன் ஒருவன் வண்டாக உருமாறித் தந்தையின் அவைக்குப் பறந்து செல்லும் இடம் அது. பொருளிலேயே ஆக்கம் அமைந்த இசை. போட்டி அரங்கிலோ சிறுவனின் விரல்களே வண்டாயின. அவையினர் மருண்டதில் வியப்பொன்றுமில்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர் வண்டின் முரற்சிக்கு யாழிசையை உவமை கூறினர். ஈண்டு யாழினக் கருவியே வண்டாக முயல்கின்றது. உவமை திரும்பி நிற்கின்றது.

விரைவின் எல்லை

விரைவைப் பழிப்பது எம் கருத்தன்று. விரைந்து இசைத்தல் உழைப்பின்றி வாராது. அதற்குத் தோளும் முன்கையும் விரலும் ஒருங்கே இளகி இயங்கப் பழகுதல் வேண்டும். எனினும் விரைவு எவ்வளவு வரை இசையாக நிற்கும் என்று வினவுதல் திறனாய்வாளர் கடமை. தட்டு ஒன்றுக்கு நான்கு சுரம் எனக் கொண்டால், 208 தட்டில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 சுரம் ஒலிக்கும். 325 தட்டில் நொடிக்கு ஏறத்தாழ 22 சுரம் ஆகும். நொடிக்கு 20 அளவைக் கடந்து தொடரும் ஒலிகளைச் செவி தனித்தனியே பிரித்துணர்தல் அரிது. அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே முதல் வேகத்தில் நாம் கேட்டது இசை. இரண்டாம் வேகத்தில் நாம் பெரும்பாலும் கண்டது விரல்.

எம் கருத்தில் இவ்விரண்டுள் சிறந்தது முதலதே. 208 தட்டில் வண்டின் எழுச்சியும் தாழ்ச்சியும் திரும்புதலும் செவிக்குப் புலனாயின. இடக்கையின் தாங்கல் தெளிவாக நின்றது. ஆனால் உலகம் நினைவிற் கொண்டது 325 என்னும் எண்ணையே. எட்டுத் தொழிலுள் இறுதியில் நின்ற துள்ளல் நடை, ஏனைய ஏழையும் மறைத்துவிட்டது. இக்குற்றம் இசைத்த சிறுவனுடையதன்று. போட்டி என்னும் அரங்கு எண்ணை வேண்டியது. அவர் எண்ணைத் தந்தார். அரங்கை அளந்து கூறிய இளங்கோவடிகளை ஈண்டு நினைத்தல் வேண்டும். எவ்வகை அரங்கோ அவ்வகைக் கலையே அதில் சிறக்கும். சில நிமிடத்துள் தீர்ப்புக் கூறும் அரங்கில் தைவரலுக்கும் ஆராய்தலுக்கும் இடமில்லை.

விரைவுக்கு மறுதலையான வழியும் சென்னையிலேயே உண்டு. பியானோக் கலைஞர் அனில் சீனிவாசன், கருநாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணோடு இணைந்து பல்லாண்டு அரங்கேறி வருகின்றார். அவ்விணைப்பில் கமகம் குரலிடத்தே நிற்கின்றது. பியானோ கமகத்தைப் போலிசெய்ய முயல்வதில்லை. குரலின் கீழ் நிலம் போல விரிந்து, ஒன்றிய சுரங்களால் அதனைத் தாங்குகின்றது. தன் கருவியால் இயலாததை அறிந்து விலகி நிற்பதும் கலையறிவே. இரண்டு சுரத்திடையே அவர் விடும் அமைதி, நூறு சுரத்தால் ஆகாத வேலையைச் செய்கின்றது. இதனை எந்த எண்ணாலும் அளத்தல் இயலாது. அதனாற்போலும் இதனைப் பற்றி நம் மாணவர் எவரும் எழுதவில்லை.

மருட்கையினின்று பெருமிதத்திற்கு

மருட்கை பிறரிடத்துக் கண்ட பொருள் பற்றியும் பிறக்கும். கண்டவர் கண்ணை இமைத்தவுடன் அது குறையத் தொடங்கும். பெருமிதமோ தன்னிடத்து உளதாகிய பொருள் பற்றியது. கல்வியும் தறுகண்மையும் இசைமையும் கொடையும் அதற்கு நிலைக்களன். இளமையில் மருட்கையை எழுப்பிய கலைஞர் பலர். பெருமிதத்தை அடைந்தவர் சிலர். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியையே எழுதுதல் வேண்டும்.

செருமானிய நாட்டுக் கிளாரா சூமான் (1819–1896) வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1828இல், ஒன்பது வயதில், லைப்சிக் நகரத்துப் பேரரங்கில் அவர் முதன்முதல் தோன்றினார். தந்தையாரே ஆசிரியர். அவ்வயதில் அவரும் ஒரு வியப்புப் பொருளே. பின்னர் இசைப்புலவர் இராபர்ட் சூமானை மணந்து எண்மரைப் பெற்றார். 1856இல் கணவர் மறைந்தபின் ஊர் ஊராகச் சென்று இசைத்துக் குடும்பத்தைக் காத்தார். 1878 முதல் பிராங்க்பர்ட் நகர இசைக்கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். 1891இல் தம் இறுதிப் பொது அரங்கில் இசைத்தார். அறுபதாண்டுக்கு மேற்பட்ட இத்தொழில் வாழ்வில் ஒன்பது வயதின் வியப்பு ஒரு சிறு தொடக்கம் மட்டுமே. வெற்று விரைவையும் பகட்டையும் விரும்பிய காலத்தில், பாக், பெத்தோவன், சூமான் ஆகியோர் படைப்புகளை அவையினர் முன் நிறுத்தி அவர்தம் சுவையை உயர்த்தியதே அவர் பெருமை. இசைமை என்பதற்குப் பழியொடு வருவன செய்யாமை என்னும் கருத்துப்பட உரை கண்டார் பேராசிரியர். எளிதில் கிடைக்கும் கைதட்டலை மறுத்து நின்ற கிளாராவின் நிலை அவ்வுரைக்கு இலக்கியம்.

இந்நெறியில் லிடியன் நாதஸ்வரத்தின் பிற்செயல்களை நோக்கின், பரிசைவிட அவையே சுட்டத்தக்கன. பரிசு பெற்றபின் அவர் மேலும் மாணவராயினார், இளையராஜாவிடம் பயின்றார். உலகப் புகழ் பெற்றபின் ஆசிரியர் முன் அமர்தல் எளிதன்று. இது கல்வி. பியானோவின் எல்லைக்குள் நில்லாது பல கருவி கலந்த இசையமைப்பில் இறங்கினார். 2024 டிசம்பரில் வெளிவந்த பரோஸ் என்னும் மலையாளத் திரைப்படத்திற்கு இசையமைத்தார். பழகிய வெற்றியை விட்டுப் பழகாத வினையில் புகுதல் தறுகண்மையின்பாற்படும். திருக்குறள் முழுமைக்கும் இசையமைக்கும் பணியை மேற்கொண்டார். தாம் பெற்ற இசையைத் தம் மொழியின் பெருநூலுக்கு வழங்க முற்பட்டது கொடை.

குறளுக்கு இசையமைத்தலில் உள்ள இடரையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். குறள்வெண்பா ஏழு சீர்களில் முடிவது, செப்பலோசை உடையது, ஈற்றடி முச்சீராய்க் குறுகி நிற்பது. இசை நீட்டலை விரும்பும். குறளோ சுருக்கத்தால் சிறப்பது. இரண்டையும் பொருத்துவதற்கு விரைவு உதவாது. சொல்லைத் தைவரும் பொறுமையே உதவும். ஆகவே குறளிசையின் வெற்றி தோல்வியே இக்கலைஞரின் கலையை அளக்கும் உண்மையான களம் என்று கருதுகின்றோம். 325 தட்டில் காட்ட இயலாத ஒன்றை அங்கே அவர் காட்டல் வேண்டும்.

எஞ்சியது இசைமை. இது காலத்தால் அறியப்படுவது. இருபது வயதை இப்பொழுதே கடந்த ஒருவர் வாழ்வுக்கு முடிவுரை எழுதுதல் திறனாய்வாகாது. இசைப்பேரரங்கில் தனித்து அமர்ந்து மேனாட்டுச் செவ்விசையை இசைப்பதே வாழ்வாகக் கொள்வாரா, இசையமைப்பாளராகவே நிலைபெறுவாரா என்பதனை அவரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவை அவர் அமைதியாக எடுக்குமாறு விடுதல் நம் கடமை. பதின்மூன்று வயதில் அவர் செய்ததையே என்றும் செய்யுமாறு வேண்டும் அவை, அவரைப் போற்றும் அவை அன்று.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கருவியிசைக் கலைஞரின் வாழ்வை எழுதத் தமிழில் நெறி உண்டு. ஆசிரியர், கருவி, அரங்கு, அவை ஆகிய நான்கையும் முன்வைத்துப் பின்னரே கலைஞரை நிறுத்துவது இளங்கோவடிகள் நெறி. விரைவை இறுதியில் வைத்து எண்ணுவது யாழ்த்தொழில் வரிசையின் நெறி. மருட்கையைத் தொடக்கமாகவும் பெருமிதத்தை முடிவாகவும் கொண்டு வாழ்வை அளப்பது மெய்ப்பாட்டியல் வழிப் பெறப்படும் நெறி. பியானோ மேனாட்டுக் கருவி ஆயினும் இந்நெறிகளுக்கு அது புறம்பானதன்று.

இவற்றை நாம் தேர்வுக்குரிய செய்தியாகவே கற்பித்து வருகின்றோம். மருட்கையின் நிலைக்களன் நான்கினையும் வரிசை தவறாது எழுதும் மாணவர், தம் காலத்துக் கலைஞர் ஒருவரைக் கண்டு மருளும்போது அந்நான்கினையும் அடையாளம் காண்பதில்லை. இக்குறை மாணவருடையதன்று, எம்முடையது.

அம்மாணவியின் தாளைத் திருப்பித் தந்தபோது, அரங்கேற்று காதையை வீட்டில் தந்தையாரோடு ஒருமுறை படிக்குமாறு கூறினோம். மாதவியின் ஏழாண்டுகளை அடிகள் ஓரிரு அடிகளில் கடந்துசெல்கின்றார். ஆனால் அவ்வேழாண்டும் ஒவ்வொரு நாளாகவே கழிந்திருத்தல் வேண்டும். உருக்காலையில் இரும்பு பதம்பெறும் காலத்தை நன்கறிந்த அத்தந்தையார்க்கு இது விளங்காமல் போகாது. "எப்போது பரிசு வரும்?" என்பதனை விட்டு, "இன்று என்ன இசைத்தாய்?" என்று அவர் வினவுவாராயின், அவ்வீட்டில் ஒரு நல்ல அவை தோன்றிவிட்டது என்று கொள்ளலாம்.